சைவத்துக்கு முதல் பந்தி

வேண்டாம் தாயி, நீ சாப்பிடு. அதுல முட்டை இருக்கும். நான் சைவம்.

நீ எதுக்குச் சங்கடப்படுற, ஒனக்கு எப்படித் தெரியும், என் நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு. பஸ்சு கெளம்புறதுக்குள்ள தின்னு முடிச்சுரு. சேத்தூர் தாண்டிட்டா ரோடு ஆட்டுற ஆட்டத்துக்கு பப்சு வாய்க்குப் போகாது, மூக்குக்குத்தான் போகும். எனக்கு அந்த வாடை ஒண்ணும் பண்ணாது. சில பேரு கவுச்சிய விட்ட மறுநாளே முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டுத் திரிவாளுக. நான் அந்தக் கூட்டம் இல்ல.

பொறந்ததுல இருந்தேவா? நல்லாக் கேட்ட போ. ஞாயித்துக்கெழமை கறி எடுக்கலன்னா அன்னைக்கு ஞாயித்துக்கெழமைன்னே ஒத்துக்கிட மாட்டாக எங்க வீட்டுல. நான் சைவமாகி நாலு வருசந்தான் ஆச்சு. கல்யாணமாகி ராசபாளையம் வந்ததுல இருந்து அதுவரைக்கும் வாரம் தவறாம கறி ஆக்கியிருக்கேன்.

ஆக்கியிருக்கேன்னுதான் சொன்னேன். தின்னேன்னு சொல்லல.

எங்க வீட்டுக்காரரு மில்லுல மேஸ்திரி. ரெண்டும் ஆம்பளப் புள்ளைக. மாமனாரும் அப்ப இருந்தாரு. கறி வெந்து எறங்குனதும் யாருக்கு எதுன்னு ஒரு கணக்கு இருக்கும், யாரும் சொல்ல வேண்டியதில்ல. ஈரல் மாமனாருக்கு. பல்லு இல்லாதவரு, மெத்துன்னு இருக்கும். நல்லி எலும்பு எங்க வீட்டுக்காரருக்கு. தொடைக்கறி பெரியவன் முனீசுக்கு. நெஞ்செலும்பு சின்னவனுக்கு. நாத்தனா வந்துட்டா அவளுக்கும் அவ புள்ளைகளுக்கும் ஒரு பங்கு. அவ எந்த ஞாயித்துக்கெழமை வராம இருந்தா.

எல்லாம் முடிஞ்சு சட்டி என் கைக்கு வரும். அதுல கறிவேப்பிலை கெடக்கும், இஞ்சிச் சக்கை கெடக்கும், யாரும் வேண்டாம்னு ஒதுக்குன ஒரு வழுவழுப்பு கெடக்கும். சோத்த அதுல போட்டுப் பெரட்டி வழிச்சுத் திம்பேன். ருசியாத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. சட்டிச்சோறுன்னு அதுக்கு ஒரு பேரு வேற வச்சிருக்கோம், என்னமோ தீவாளிப் பலகாரம் மாதிரி.

மாமனார் தவறிட்டாரு. அந்தத் துக்கத்துல நான் எதையும் நெனைக்கல. பதினாறு முடிஞ்ச பெறகுதான் நெனச்சேன், இனி ஈரல் நமக்கு வரும்னு. வரல. 'அப்பா ஞாபகமா இருக்கு'ன்னு சொல்லி எங்க வீட்டுக்காரரு அதத் தன் தட்டுக்கு மாத்திக்கிட்டாக. நல்லியும் அவுகளுக்கு, ஈரலும் அவுகளுக்கு. அப்பா மேல அம்புட்டுப் பாசம்.

அதுக்காகவா சைவமானேன்னு நீ நெனைக்கக் கூடாது. நான் ஆனது பக்தியில. முனீசு படிச்சு முடிச்சு வேலை கெடைக்காம, வீட்டுல போர்வைக்குள்ளயும் வெளிய டீக்கடையிலயுமாக் கெடந்தான். செந்தூர் முருகனுக்கு மாலை போட்டு நடந்து வர்றேன்னு வேண்டிக்கிட்டேன். ஒரு மண்டலம் பச்சைச் சேலை, வெறுந்தரையில படுக்கை, ரெண்டு வேளைக் குளியல், கவுச்சி கெடையாது.

எங்க வீட்டுக்காரருக்கு சாமின்னா பயம். எனக்குப் பயம் கெடையாது, பக்தி மட்டுந்தான். அதனால அவுகளே கடைக்குப் போயி எனக்குப் புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுத் தட்டு, ஒத்த அடுப்பு எல்லாம் வாங்கிட்டு வந்தாக. கல்யாணத்துக்குக் கூட எனக்குன்னு ஒரு தட்டு வாங்குன மனுசன் இல்ல.

முத ஞாயிறு பொறுத்தாக. ரெண்டாவது ஞாயிறும் பொறுத்தாக, மூஞ்சி தொங்கிப்போச்சு. மூணாவது ஞாயிறு எனக்கு மாலை போட்டுவிட்ட குருசாமிகிட்டப் போயி ஒரு வழி கேட்டு வந்துட்டாக. வெரதக்காரி முதல்ல சாப்பிட்டு முடிக்கட்டும். அதுக்குப் பெறகு ஆம்பளையாளுக பொறவாசல்ல கல்லு கூட்டி அவுகளே ஆக்கிக்கிடட்டும். அந்தம்மா நிழல் அதுல விழுகக் கூடாது. இதுதான் வழி.

அன்னைக்கு நான் வச்சது கத்தரிக்காப் புளிக்கொழம்பு. ரெண்டு அப்பளம். ஒண்ணும் பெரிசில்ல. ஆனா சோத்தத் தட்டுல போட்டு உக்காந்தேன் பாரு, ஆவி மூஞ்சியில அடிச்சு மூக்குக்கண்ணாடி மங்கிப்போச்சு. கண்ணாடியக் கழத்திச் சேலையில தொடச்சு மாட்டுறேன், மறுபடியும் மங்குது. சோறு இம்புட்டுச் சூடா இருக்கும்னே எனக்கு மறந்துபோயிருந்துச்சு. வாசப்படியில அப்பனும் மக்களுமா மூணு பேரு நிக்கிறாக, கறிப்பையத் தூக்கிக்கிட்டு. 'சாப்பிட்டாச்சா', 'சாப்பிட்டாச்சா'ன்னு கேக்குறாக. நான் கையக் கழுவுனாத்தான் அவுக அடுப்புப் பத்த வைக்கலாம்.

அந்த ரெண்டு அப்பளத்தையும் எம்புட்டு நேரம் தின்னேன்னு நெனைக்கிற.

முனீசுக்கு ஒரு பைனான்சு கம்பெனியில வேலை கெடைச்சது. செந்தூருக்கு நடந்து போயி மாலையக் கழத்தியாச்சு. மறு ஞாயிறு எங்க வீட்டுக்காரரு கறி, எலும்பு, தனியா ஈரல்னு வாங்கிட்டு வந்து என் முன்னாடி பைய நீட்டுறாக. மூஞ்சியெல்லாம் சிரிப்பு, என்னைக்கும் இல்லாம என் பேரச் சொல்லிக் கூப்பிடுறாக. "இந்தா சந்தனம், ஒனக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை"ங்காக.

நான் பைய வாங்கல. "எனக்கு இன்னும் உத்தரவாகல"ன்னேன்.

"என்ன உத்தரவு?"

"விடிய முன்ன கனவுல மயில் வந்துச்சு. என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. தலைய இப்படி ஆட்டுச்சு."

வந்துச்சு தாயி, பொய் இல்ல. ஒரு பறவை வந்துச்சு. இருட்டுல கோழியாக்கூட இருந்திருக்கலாம். ஆனா தலைய ஆட்டுனது நெசம். அவுக கையில இருந்த பைய அப்படியே கீழ வச்சுட்டு என் நெத்தியத்தான் பாக்குறாக, அங்க மயில் நிக்கிற மாதிரி. அன்னைக்கோட நான் கவுச்சிய விட்டேன்.

அதுல வந்த நன்மையெல்லாம் சொன்னா நீ நம்ப மாட்ட. முட்டுவலி போயிருச்சு. எடை கொறஞ்சதுல போச்சுன்னு டாக்டரு சொல்றாரு. காய்கறிச் சத்துல போச்சுன்னு எதுத்த வீட்டு டீச்சரம்மா சொல்றாக. எனக்கென்னமோ ஞாயித்துக்கெழமை காலையில அம்மி முன்னாடி குத்த வைக்காததுல போச்சுன்னு தோணுது. பிரசரு கொறஞ்சுருச்சு. நெய்ப்பசை பிடிச்ச சட்டியத் தேச்சுத் தேச்சு என் கையி சொரசொரன்னு கெடக்கும், இப்பத் தொட்டுப் பாரு, பூ மாதிரி. கோவமும் கொறஞ்சுருச்சு. நாத்தனா வர்றதும் நின்னுருச்சு. அண்ணன் ஆக்குற கறி எப்படி இருக்குமோன்னு அவளுக்குப் பயம்.

விசேசத்துக்குப் போனாக் கேக்கவே வேண்டாம். காதுகுத்தோ கெடாவெட்டோ, சைவத்துக்குன்னு தனிப் பந்தி போடுவாக. அதுதான் முதல் பந்தி. பேனுக்குக் கீழ நாலே நாலு பேரு உக்காந்திருப்போம், நானு, ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, வெரதத்துல இருக்கிற ரெண்டு பேரு. விசேச வீட்டுக்காரனே வந்து, 'அக்கா, பாயாசம் வைக்கவா'ன்னு கேப்பான். அந்தப் பக்கம் கறிப் பந்தியில சனம் முட்டி மோதிக்கிட்டு, திங்கிறவன் முதுகுக்குப் பின்னாடி எப்ப எந்திரிப்பான்னு நிக்கும். நான் வெத்தலையப் போட்டுக்கிட்டு அத வேடிக்கை பாப்பேன். வெளக்குப் பூசைன்னா இப்ப முதல் வெளக்கு என் கையிலதான் குடுக்காக.

பன்னீருன்னு ஒண்ணு இருக்குல்ல. அத டிவியிலதான் பாத்திருக்கேன். ஒரு நா எங்க வீட்டுக்காரரு, 'கறியும் திங்கிறதில்ல, ஒடம்புக்குச் சத்து வேணுமே'ன்னு வாங்கிட்டு வந்தாக. பட்டாணி போட்டு வச்சேன். முழுக்க எனக்கு. யாரும் தொடக் கூடாது. சின்னவன் ஒரு துண்ட எடுக்க வந்தான். "எலே, கவுச்சி தின்ன கையால தொடாத, சாமி குத்தம்"னேன். கைய உதறிட்டு ஓடிட்டான். அந்த வீட்டுல என் தட்டுல இருக்கிறத எடுக்க ஒருத்தன் பயந்தத நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

ஒரே ஒரு தொந்தரவு. எங்க வீட்டுக்காரரு ஆக்கப் பழகிட்டாக. முதல்ல கருக்குனாக, பெறகு வேகாம எறக்குனாக, அப்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நாளாக ஆக கை படிஞ்சுருச்சு. தெருவே பொறவாசல எட்டிப் பாக்குது. முனீசு ஒரு நா, "அம்மா வைக்கிறதவிட அப்பா கொழம்பு ஒரு படி மேல"ன்னான். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. மொளகாப்பொடிய அள்ளிக் கொட்டுனா யாருக்குத்தான் ருசியா இருக்காது. எனக்கு என்ன வந்துச்சு, நான்தான் அதத் திங்கிறதே இல்லியே. ஒரு படி மேலயாம்.

இப்பக் கொஞ்சம் மெல்லப் பேசணும். டிரைவருக்குப் பின்னாடி, சன்னல்ல தலையச் சாச்சுத் தூங்குறா பாரு, மஞ்சள் சுடிதாரு. அவதான் எங்க மருமக அனுசியா. முனீசு பொண்டாட்டி. ஏறும்போது சேந்தாப்புல எடம் கெடைக்கல. அதுவும் நல்லதுக்குத்தான்.

அவளுக்குச் சொந்த ஊரு கடையநல்லூரு. ரத்தம் எடுத்துப் பாக்குற லேபுல வேலை. பொண்ணு பாக்கப் போனன்னைக்கு, "ஒனக்குச் சாப்பிட என்னத்தா ரொம்பப் பிடிக்கும்"னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு, "ஈரல் வறுவல்"ன்னா. எனக்கு மனசு குளுந்துபோச்சு. கவுச்சி தெரிஞ்ச புள்ள. எங்க வீட்டுக்காரருக்கு அப்ப இடுப்பு பிடிச்சுக்கிட்டு குனிய முடியல. வீட்டு அடுப்ப வீட்டு அடுப்பாப் பாக்க ஒருத்தி வேணுமே.

வந்தா. நல்லாவும் ஆக்குனா. நான் கவுச்சியத் தொட மாட்டேனே ஒழிய, வீட்டுக்கு மூத்தவ இல்லியா. முதல்ல என் சாப்பாட்ட முடிச்சுக்கிட்டு, சமையக்கட்டு வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்து சொல்லிக் குடுப்பேன். 'ஈரல மாமாவுக்கு வையி. நல்லிய முனீசுக்கு வையி. சின்னவனுக்கு நெஞ்செலும்பு, மறந்துராத.' சொன்னபடி வைப்பா. எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டா.

அவளுக்கா? அவ சின்னப் புள்ள, எம்புட்டுத் திங்கப் போறா. சட்டி இருக்கும்ல. சோத்தப் போட்டு வழிச்சுச் சாப்பிடுவா. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்.

ஏன் என்னைய அப்படிப் பாக்குற? வெளிய பாரு, சிவகிரி வந்துருச்சு.

தைப்பூசம் முடிஞ்சு ஒரு வெள்ளிக்கெழமை. தலைக்குக் குளிச்சுட்டு, துண்டச் சுத்திக்கிட்டு, நெத்தி நெறைய துன்னூறோட என் முன்னாடி வந்து நிக்கிறா. "அத்தை, நானும் சைவமாயிட்டேன்"ங்கா.

"எப்ப?"

"இன்னைக்கு விடியக்காலையில அத்தை. கனவு வந்துச்சு."

"கனவுல என்ன வந்துச்சு?"

"நீங்க பாத்ததுதான் அத்தை."

சொல்லிட்டு என் கண்ண நேராப் பாக்குறா. நீ பாத்தது மயில் இல்லன்னு சொல்ல முடியுமா. அப்ப என்னோடது என்னன்னு கேள்வி வருமே. எங்க வீட்டுக்காரரு வேற பக்கத்துல நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டாக. "ஒரே வீட்டுல ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கான் பாரு"ங்காக.

வீடு தலைகீழாப் போச்சு தாயி. என் ஒத்த அடுப்புல பங்கு, என் சட்டியில பங்கு. ஞாயித்துக்கெழமை எனக்கு முன்னாடியே அவளும் தட்டோட வந்து உக்காந்துக்கிட்டா. பன்னீரு ரெண்டு கூறாச்சு. இவுக மறுபடியும் இடுப்பப் பிடிச்சுக்கிட்டுப் பொறவாசலுக்குப் போனாக. முனீசுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியல, கண்ணக் கசக்கிக்கிட்டு நிக்கிறான், நல்லா இருக்குமா பாக்க? எனக்குச் சங்கடம் என்னன்னா, அவளோடது பக்தி இல்ல. சோம்பேறித்தனம். ஞாயித்துக்கெழமை வேலைக்குப் பயந்து சாமி பேரச் சொல்றா. ஒரு பொம்பள இப்படிச் சாமிய வச்சு ஏமாத்துனா அது அடுக்குமா நீயே சொல்லு.

சோதிச்சுப் பாத்துரணும்னு முடிவு பண்ணேன். ஒரு நா அவ லேபுல இருந்து பசியோட வர்ற நேரத்துக்குச் சரியா, எங்க வீட்டுக்காரர மொளகு தூக்கலாப் போட்டு ஈரல் வறுக்கச் சொன்னேன். இவுகளும் சின்ன வெங்காயம், சோம்பு, நல்லெண்ணெய்னு ஒரு கொறையும் வைக்கல. வாடை மாடி வரைக்கும் ஏறுது. அவ உள்ள வந்தா, கை கால் கழுவுனா, ரசஞ்சோத்தப் போட்டுக்கிட்டு உக்காந்தா. தலைய நிமுத்தல. அவளுக்கு எச்சி ஊறுதான்னு பாக்க நான் சட்டிக்குப் பக்கத்துலயே போயி நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். கடைசியில இவுகதான், "ஏ, நீ ஏன் இங்க நின்னு முழுங்கிக்கிட்டு இருக்க"ன்னாக. சளி, தொண்டையில சளின்னு சொல்லிட்டு வந்தேன்.

அப்ப ஆடி வந்துச்சு. புதுப்பொண்ணு பெறந்த வீட்டுக்குப் போகணும்ல, அவ அம்மா வந்து கூட்டிட்டுப் போனாக. எனக்கு அன்னைக்கு ராத்திரிப் படுக்கையிலதான் பளிச்சுன்னு பட்டது. ஞாயித்துக்கெழமை சொல்லாமக் கொள்ளாமப் போயி நின்னா? அம்மா வீட்டுல இவ சைவம் எம்புட்டுச் சைவம்னு தெரிஞ்சுருமில்ல. கையும் களவுமாப் பிடிச்சு, நாலு வார்த்தை கேட்டு, அடுத்த ஞாயித்துக்கெழமையே அடுப்படிக்கு அனுப்பிரலாம்.

ஒரு பை மாம்பழம் வாங்கிக்கிட்டேன். வெறுங்கையோட போகக் கூடாது. இவுக, "எங்க கெளம்பிட்ட"ன்னாக. மருமக கண்ணுக்குள்ளயே நிக்கிறா, பாத்துட்டு வர்றேன்னேன். இதே பஸ்சுதான். வழி நெடுகப் பேச வேண்டியத மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். 'சாமிய வச்சு வெளையாடுறியா'ன்னு ஆரம்பிக்கணும். 'எங்க வீட்டு மானம்'னு ஒண்ணு நடுவுல வரணும். எல்லாம் வரிசையா வச்சிருந்தேன்.

கடையநல்லூருல எறங்கி நடந்தா, தெருமுனையிலயே தெரிஞ்சுபோச்சு. மொளகு வாடை. வசமா மாட்டிக்கிட்டான்னு எனக்கு நடை வேகமாச்சு. கதவு தெறந்துதான் கெடந்துச்சு. செருப்பக் கூடக் கழத்தல, வாசல்ல போயி நின்னேன்.

நடுவீட்டுல அனுசியா சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. முன்னாடி இலை. அவ அம்மா வெள்ளத்தாயி குனிஞ்சு கரண்டியால ஈரல அந்த இலையில வச்சுக்கிட்டு இருக்காக. ஒரு துண்டு, ரெண்டு துண்டு. அவ அப்பா சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. பக்கத்துல அவ அண்ணன், அவனும் சும்மா உக்காந்திருக்கான். ரெண்டு பேரு முன்னாடியும் இலையே போடல. "இன்னும் ஒண்ணு வையி, பிள்ள எளைச்சுப் போயி வந்திருக்கா"ன்னு அந்த மனுசன் சொல்றாரு.

அவ கறி திங்கிறதப் பாக்கத்தான் தாயி நான் அம்புட்டுத் தூரம் போனேன். அது எனக்குக் கண்ணுலயே படல. ரெண்டு ஆம்பளைக பசியோட உக்காந்திருக்கையில ஒரு பொட்டப்புள்ள இலையில ஈரல் விழுகுது. அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.

அனுசியா நிமுந்தா. வாயில வச்சது வாயிலயே நிக்கிது. வெள்ளத்தாயி கரண்டியோட ஓடி வந்தாக. "வாங்க மதினி, வாங்க. தப்பா நெனைக்காதீக மதினி, பிள்ள வேண்டாம்னுதான் சொல்லுச்சு, நான்தான் வம்பு பண்ணி உக்கார வச்சேன்"னு நடுங்குறாக. நான் வாயத் தெறந்தேன். பஸ்சுல வரிசையா வச்சிருந்த ஒண்ணும் வரல. "குடிக்கத் தண்ணி குடுங்க மதினி"ன்னேன்.

தண்ணி குடிச்சேன். மாம்பழத்தக் குடுத்தேன். வெள்ளத்தாயிக்கு என்ன பண்றதுன்னு தெரியல. "ஒங்களுக்கு வைக்க வீட்டுல ஒரு கரண்டி தயிரு கூட இல்லியே மதினி"ன்னு கையப் பெசையிறாக. அப்ப அனுசியா, உக்காந்த எடத்துலயே கொஞ்சம் தள்ளி உக்காந்து பக்கத்துல எடம் விட்டா. "இங்க உக்காருங்க அத்தை"ன்னா. "அம்மா, அத்தைக்கு ஒரு இலை போடு."

உக்காந்தேன். என்ன பண்ணச் சொல்ற, சம்பந்தி வீட்டுல இலையப் போட்ட பெறகு எந்திரிச்சு வந்தா அது மரியாதையா? சோறு வச்சாக. கொழம்பு ஊத்துனாக. எங்கிட்டக் கேக்கல, ஈரல அள்ளி வச்சாக. சூடுன்னா அப்படி ஒரு சூடு.

என் ஆயுசுக்கும் எம்புட்டு ஈரல் வறுத்திருப்பேன். வெந்துருச்சான்னு பாக்க நுனியக் கிள்ளி நாக்குல வச்சுப் பாத்திருக்கேன், அதோட சரி. முழுசா ஒரு துண்ட வாயில போட்டு மெல்லும்போதே, இலையில இன்னும் மூணு கெடக்குன்னு தெரியிறது இருக்கு பாரு, அது வேற. அவசரமே இல்லாம மென்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. மொளகு சாஸ்தி. அந்த ரெண்டு ஆம்பளைகளும் சுவத்துல சாஞ்சபடியே இருந்தாக. "மெதுவாச் சாப்பிடுங்க தங்கச்சி, நாங்க காலையில பலகாரம் சாப்பிட்டோம்"ங்காரு அவ அப்பா. அனுசியா தன் இலையில இருந்த நல்லிய எடுத்து என் இலையில வச்சா. வச்சுட்டு அவ பாட்டுக்குச் சாப்பிட்டா.

சாயங்காலம் அவதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. நான் ஏறி உக்காந்த பெறகு, சன்னல் பக்கம் வந்து நின்னுக்கிட்டு, "அத்தை, இங்கருந்து திருமலைக்கோயில் பக்கந்தான். மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை முருகனப் பாக்க வர்றோம்னு வேண்டிக்கிடலாமா"ன்னா.

"வேண்டிக்கிட்டா நெறவேத்தணும்லா"ன்னேன்.

"நெறவேத்துவோம் அத்தை."

அதுல இருந்து மாசம் தவறல. இன்னைக்கும் அங்கதான் போறோம். முதல்ல கோயில், பெறகுதான் சாப்பாடு. அந்த ஒழுங்குல எல்லாம் நாங்க ரெண்டு பேரும் சுத்தம். வெள்ளத்தாயி மதினி இந்த மாசம் குடலும் எடுத்திருக்காகளாம், போன்ல சொன்னாக.

என்ன சிரிக்கிற? நான் சைவந்தான். எங்க வீட்டுல வந்து யாரையும் கேட்டுப் பாரு. கடையநல்லூருல சாப்பிடுறது கடையநல்லூரோட சரி. வெளியூர்ல கெடைக்கிறதத்தான சாப்பிட முடியும். நாளைக்கே நீ எனக்கு ஒரு முட்டையக் குடுத்துப் பாரு, தொட மாட்டேன். அவளும் அப்படித்தான். அவளச் சோம்பேறின்னு சொன்னேன்ல, அத நீ மனசுல வச்சுக்கிடாத. நல்ல புள்ள. நான் அவளப் பிடிக்கத்தான் அன்னைக்குப் போனேன்னு அவளுக்கு இன்னைய வரைக்கும் தெரியாது, பாசத்துல வந்தேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. எறங்கும்போது ஏதாச்சும் ஒளறிராத.

ஒனக்குக் கல்யாணமாகி எத்தன வருசம்? ரெண்டா. வீட்டுல எத்தன ஆம்பளையாளுக? நாலா. நீ யோசிச்சுப் பாரு. முதல்ல மாலை போட்டுப் பழகு, எடுத்ததும் கனவுக்குப் போயிராத. ஒடம்புக்கு அம்புட்டு நல்லது.

ஒரே ஒரு கஷ்டம், திரும்பிப் போறதுதான். வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருவோம். மலையேறி வெறும் வயித்தோட வர்றாகன்னு நெனச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரரு எங்களுக்குன்னு ஆக்கி வச்சிருப்பாக. எங்க சட்டியில, குளிச்சுட்டு, ஈர வேட்டியோட. தக்காளிச் சோறு, உருளைக்கெழங்கு வறுவல். முனீசு அப்பளம் பொரிச்சிருப்பான். நாங்க கொண்டு போன துன்னூற நெத்தியில பூசிக்கிட்டு, எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு, நின்னு பரிமாறுவாக. நாங்க சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் அந்த வீட்டுல ஒருத்தன் தட்டு எடுக்க மாட்டான்.

எங்களுக்குத் தொண்டை வரைக்கும் நெறஞ்சு நிக்கிது. அனுசியா என்னையப் பாப்பா, நான் அவளப் பாப்பேன். இவுக இடுப்பப் பிடிச்சுக்கிட்டே குனிஞ்சு, "போதுமா, இன்னும் வைக்கவா"ம்பாக. நான், "ஒரு கரண்டி வையுங்க"ம்பேன். வயித்துல எடம் இருந்து இல்ல தாயி. அவுக வைக்கிறதப் பாக்கணும்.